அவ அழுதாத்தான் நாடகம்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்கக்கா, எனக்கு வேணாம். ஆனா கோபால்பட்டி தாண்டுற வரைக்கும் நான் சொல்றதக் கேக்கணும். யாருகிட்டயாச்சும் சொல்லலேன்னா எனக்கு வெடிச்சிரும். காலையில இருந்து எங்க அம்மாகிட்ட சொல்லலாம்னு பாத்தா, பாதியிலயே "உம்மேலதான்டி தப்பு"ன்னு எந்திரிச்சுப் போயிருச்சு. கேக்காமலே தீர்ப்பு! கேட்டுட்டுச் சொன்னா ஒரு நியாயம்.

அந்த மிக்ஸி ஜார இங்கிட்டு குடுங்க, நான் மடியில வச்சுக்கிறேன். ரிப்பேருக்குக் கொண்டுபோறீங்களா, பாத்துட்டு வாறீங்களா? சரி, அது இருக்கட்டும்.

என் பேரு பவதாரணி. திண்டுக்கல்ல ஒரு லேடீஸ் காலேஜ்ல பி.எஸ்சி. விலங்கியல், ரெண்டாம் வருசம். நாடகக் குழுவுக்கு நான்தான் டைரக்டரு. எழுதுனதும் நான்தான். மெயின் வேஷமும் நான்தான். வேற யாரும் செய்ய வரலக்கா, நானா எடுத்துக்கிட்டேன்னு நெனைக்காதீங்க.

இப்ப எங்க போறேன்னா, எங்க குழுவுல ஒருத்தி நாலு நாளா காலேஜுக்கு வரல. போனும் எடுக்கல. அவ இல்லாட்டி நாங்க பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகவே முடியாது. நடிக்கிறவங்க பேரெல்லாம் எழுதிக் குடுத்தாச்சு, ஆள மாத்தக் கூடாதாம். போட்டிக்கு இன்னும் பத்து நாளுதான் இருக்கு. எங்க ஹெலன் மேடம் நேத்து எல்லாரு முன்னாடியும் நிக்க வச்சு, "நீதானே டைரக்டர்? நீயே போய்க் கூட்டிட்டு வா. அவ வந்தா நாடகம், இல்லேன்னா கிடையாது"ன்னுட்டாங்க. அதான் புளியம்பட்டிக்கு ரோடு பிரியுற விலக்குக்குப் போறேன். அவ ஊரு.

அவ பேரு அங்கயற்கண்ணி. அம்புட்டு நீளத்துக்கு எவ கூப்பிடுறது? வாயத் தொறந்து ரெண்டு வார்த்தை பேச மாட்டா. அதனால நான் 'மியூட்'னு பேரு வச்சேன். பாசமாத்தான். ஒரே வாரத்துல கிளாஸே அப்படித்தான் கூப்பிட ஆரம்பிச்சது. ஆபீஸ் ரூம்ல இருக்குற அண்ணன் வரைக்கும்! நான் வச்ச பேரு அப்படியே நிக்கும்க்கா, எனக்கு அந்த ராசி உண்டு. அந்தா, கண்டக்டர் இருக்காரே, விசில ஊதிட்டு ஊதிட்டு சட்டையில தொடைக்கிறாரு. ஏறுன உடனே 'குக்கர்'னு வச்சிட்டேன். சிரிக்கிறீங்கள்ல? பொருத்தமா இருக்குல்ல?

சரி, விஷயத்துக்கு வாரேன். நாடகம் எதப் பத்தின்னு கேளுங்க. கூட்டமா சேந்துகிட்டு ஒருத்திய ஒதுக்கி வைக்கிறது தப்புன்னு சொல்ற நாடகம்.

ஏங்க்கா இப்படிச் சிரிக்கிறீங்க? இன்னும் ஒண்ணுமே சொல்லலயே.

நாங்க அஞ்சு பேரு. நாலு பேரு சேந்து ஒருத்திய ஒதுக்குவோம். அந்த நாலு பேருக்குத் தலைவி நானு. நல்ல கெத்தான வேஷம், வசனமெல்லாம் தீயா இருக்கும். ஒதுக்கப்படுறவளா மியூட்டு. ஏன் அவ? வசனம் கம்மியான வேஷம் அது ஒண்ணுதான். கடைசி சீன்ல மட்டும் நடுவுல தனியா நின்னு அழுகணும். அது ஒண்ணுதான்க்கா அவ வேலை. அழுகுறது.

அது வரல! கண்ணுல ஒரு பொட்டு தண்ணி வரல. கிளிசரின் போட்டோம். தும்முறா. வெங்காயம் நறுக்கிக் கண்ணுகிட்ட வச்சோம். எனக்கும் நஸ்ரினுக்கும் பொலபொலன்னு ஊத்துது, அவ கல்லு மாதிரி நிக்கிறா. "ஏன்டி, உனக்கு வாழ்க்கையில சோகமே கெடையாதா?"ன்னு கேட்டேன். "இருக்கும்"னு சொன்னா. இருக்கும்! யாருகிட்டயோ விசாரிச்சுச் சொல்ற மாதிரி.

நஸ்ரின் யாருன்னு சொல்லல பாருங்க. என் பக்கத்து பெஞ்சு. நல்லவதான், ஆனா எதுக்கும் உறுதியில்லாதவ. மத்த ரெண்டு பேரும் நான் சொன்னா சரிம்பாளுக, அவளுகள விடுங்க.

அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. நிஜமாவே எட்டு நாளைக்கு அவள ஒதுக்கி வச்சுப் பாத்தா என்ன? அந்த உணர்வு உள்ள எறங்கிரும்ல? பெரிய பெரிய நடிகருங்கெல்லாம் வேஷத்துக்காகப் பட்டினி கெடக்குறாங்க. இவ எட்டு நாளு பேசாம இருக்க மாட்டாளா? அவ எப்படியும் பேசாதவதான!

அவகிட்டக் கேட்டேன்க்கா. கேக்காம செய்யல. எல்லாரும் சுத்தி நிக்கிறோம், "நாடகத்துக்காக, எட்டு நாளு, ஓகேவாடி?"ன்னேன். தலையாட்டுனா. நாலு பேரு சுத்தி நின்னா எப்படி வேணாம்பான்னு எங்கம்மா கேக்குது. ஏன், வேணாம்னா வேணாம்னு சொல்ல வேண்டியதுதான? எனக்கெல்லாம் நாப்பது பேரு சுத்தி நின்னாலும் வாய் வரும்.

ஜனவரி அஞ்சு ஆரம்பம். பன்னெண்டு முடியணும். சட்டம் போட்டேன். யாரும் அவகூடப் பேசக் கூடாது. கேண்டீன்ல அவ வந்து உக்காந்தா நாம எந்திரிச்சு வேற பெஞ்சுக்குப் போயிரணும். அவ கிட்ட வரயில எதையாச்சும் சொல்லிச் சிரிக்கணும், அவளப் பத்தித்தான் சிரிக்கிறோம்னு அவளுக்குத் தோணணும். ஆனா உண்மையில அவளப் பத்தி இருக்கக் கூடாது. அம்புட்டு நேர்மையா செஞ்சோம்க்கா. மொத நாளு, சிரிக்க விஷயமே இல்லாம நாலு பேரும் விலங்கியல் புத்தகத்துல தவளை படத்தப் பாத்து கெக்கெக்கேன்னு சிரிச்சோம். கண்ணுல தண்ணி வந்திருச்சு. வர வேண்டியவளுக்கு வரல, எங்களுக்கு வந்துச்சு.

ரெண்டாம் நாளே இந்த நஸ்ரின் அவளுக்குத் தண்ணி பாட்டில நீட்டிட்டா. நான் பாத்துட்டேன். "ஏய், சட்டம் என்னாச்சு?"ன்னேன். "தாகமா இருந்துச்சுடி அவளுக்கு"ங்குறா. "அப்படியா? இனிமே எவ பேசுனாலும் அடுத்த எட்டு நாளு அவளுக்குத்தான்"னு சொன்னேன். அதுக்கப்புறம் நஸ்ரின் அந்தப் பக்கம் திரும்பல. ஒழுங்குன்னா அப்படி இருக்கணும்.

இதுல ஒரு அதிசயம் சொல்றேன் கேளுங்க. எங்க கிளாஸ்ல நாப்பத்தாறு பேரு. அதுல நாங்க அஞ்சு பேருக்குத்தான் ஒத்திகை. மத்தவளுகளுக்கு இது நாடகம்னே தெரியாது. ஆனா நாலாம் நாளு பாத்தா, அவளுகளும் பேசல! எவளும் சொல்லல, நாங்க பேசல, அதப் பாத்துட்டு அவளுகளும் பேசல. அவ என்னா தப்பு பண்ணுனான்னு கூட எவளும் கேக்கல. ஒருத்தி மட்டும் எங்கிட்ட வந்து, "மியூட்டு ஏதோ பெருசா பண்ணிட்டாளாமே?"ங்குறா. "ஆமா, அதெல்லாம் சொல்லக் கூடாது"ன்னுட்டேன். சும்மா ஒரு கெத்துக்கு. மறுநாளு அவ பண்ணது நாலு விதமா கிளாஸ்ல சுத்துது. நாப்பது பேர ஒரு பைசா செலவில்லாம நடிக்க வச்சிருக்கேன்க்கா. எந்த டைரக்டரால முடியும்?

எங்க லேப்ல ரெண்டு ரெண்டு பேரா நின்னுதான் செய்யணும். அவ கூட எவளும் நிக்கல. தனியா ஓரத்து மேசையில மைக்ராஸ்கோப்புக்குள்ள குனிஞ்சு பாத்துகிட்டே இருந்தா. ஒரு மணி நேரம் தலையத் தூக்கல. நான் அந்தப் பக்கமா போயிப் பாத்தேன். கீழ ஸ்லைடே இல்லக்கா! ஒண்ணுமே வைக்காம பாத்துகிட்டு இருக்கா. எனக்குச் சிரிப்பு தாங்கல, ஓடி வந்து எல்லாருகிட்டயும் சொன்னேன்.

நீங்க சிரிக்கல. இதுக்கு எல்லாரும் சிரிச்சாளுகளே.

சரி. பன்னெண்டாம் தேதி முடியணுமா. மறுநாளு பொங்கல் லீவு. லீவு முடிஞ்சு பத்தொம்போதாம் தேதி வந்தோம். இங்கதான்க்கா ஒரு சின்ன தப்பு நடந்துபோச்சு. முடிஞ்சிருச்சுன்னு அவகிட்ட யாரும் சொல்லல.

நஸ்ரின் சொல்லியிருப்பான்னு நான் நெனச்சேன். டைரக்டரு நானு, நான்தான் சொல்லியிருப்பேன்னு நஸ்ரின் நெனச்சிருக்கா. மத்த ரெண்டு பேரும் எங்க ரெண்டு பேருல ஒருத்தி சொல்லியிருப்பான்னு நெனச்சிருக்காளுக. அப்ப ஏன்டி நீங்க அவகூடப் பேசலன்னு இப்ப கேட்டா, "நீங்க பேசல, அதான் நாங்களும் பேசல"ங்குறாளுக. நான் ஏன் பேசலையா? அவ பேசலக்கா! அவளே வந்து பேசியிருக்கலாம்ல? "என்னடி, எட்டு நாளு முடிஞ்சிருச்சே"ன்னு ஒரு வார்த்தை. வாய்க்குள்ள கொழுக்கட்டையா? அவ என்னடான்னா ஒத்திகைய நீட்டிட்டோம்னு நெனச்சுக்கிட்டா. இல்ல, இனிமே இது ஒத்திகையே இல்லைன்னு நெனச்சாளோ என்னவோ. கேட்டாத்தான தெரியும்?

இருபத்தேழாம் தேதி காலேஜுக்குள்ள போட்டி, அதுல ஜெயிச்சாத்தான் பல்கலைக்கழகத்துக்குப் போக முடியும். நீங்களே விரல விட்டு எண்ணிப் பாருங்க. இருபத்து மூணு நாளு.

போட்டி எப்படி இருந்துச்சு தெரியுமா! என் வசனத்துக்குக் கைதட்டல்னா கைதட்டல். கடைசி சீன் வந்துச்சு. நாங்க நாலு பேரும் ஓரமா போயிட்டோம். அவ நடுவுல நிக்கிறா. அழுவாளா மாட்டாளான்னு எனக்குப் படக்கு படக்குங்குது. சத்தமே இல்லக்கா. மூஞ்சி கூட கோணல. அப்படியே நிக்கிறா, கண்ணுல இருந்து தண்ணி பாட்டுக்கு ஊத்துது. தொடைக்கல. ஹெலன் மேடம் கண்ணாடியக் கழட்டித் தொடைக்கிறாங்க. மொத வரிசையில உக்காந்திருந்த எங்க கிளாஸ்காரிங்க, மூணு வாரமா அவளத் திரும்பிப் பாக்காதவளுக, மூக்கச் சிந்துறாளுக. "பாவம்டி அந்தப் பொண்ணு"ன்னு ஒருத்தி சொல்றா. எந்தப் பொண்ணுடி? அதே பொண்ணுதான்டி, உன் பின் பெஞ்சுதான்டி!

பஸ்ட் பிரைஸ். நான் மேடையிலயே குதிச்சேன். என் ஐடியா பலிச்சிருச்சுல்ல! நாலு பேரும் கட்டிப் புடிச்சுக் கத்துனோம். கப்போட போட்டோ எடுக்கணும். எடுக்க ஒரு ஆளு வேணும்ல? பக்கத்துல அவதான் நின்னா, அவகிட்ட போனக் குடுத்தேன். எடுத்துக் குடுத்தா. பாருங்க, இதான். எல்லாரும் நல்லா விழுந்திருக்கோம். ஆனா ஆடிப் போச்சு. ஒரு போட்டோ கையாட்டாம எடுக்கத் தெரியல அவளுக்கு.

எங்க அவ இல்லையேன்னு கேக்குறீங்களா? அதான் சொல்றேன்ல, அவதான்க்கா எடுத்தா.

போன என் கையில குடுத்தா. குடுத்துட்டு எங்கிட்ட கேட்டா, "இப்ப முடிஞ்சிருச்சா?"

நான் "எது?"ன்னு கேட்டேன். எனக்கு நெஜமாவே புரியலக்கா. நாடகத்தக் கேக்குறாளா, போட்டோவக் கேக்குறாளா? அவ பைய எடுத்துகிட்டுப் போயிட்டா. நஸ்ரின் மூஞ்சி மட்டும் வெளிறிப் போச்சு. "ஏய் தாரணி, நீ அவகிட்ட சொல்லலையா?"ன்னா. "நீ சொல்லலையா?"ன்னேன். அவ்வளவுதான். கப்பு என் கையில இருக்கு, ஒருத்தியும் அதப் பாக்கல.

மறுநாள்ல இருந்து அவ வரல. அதுகூடப் பரவாயில்ல. இந்த மூணு பேரும் இப்ப என்னையப் பாக்குற பார்வை இருக்கே! எல்லாரும் சேந்துதான செஞ்சோம்? தவளை படத்தப் பாத்து நான் மட்டுமா சிரிச்சேன்? இப்ப என்னடான்னா எல்லாம் நான் ஒருத்தி செஞ்ச மாதிரி, நான் வந்தா பேச்ச நிறுத்துறாளுக. நேத்து கேண்டீன்ல போய் உக்காந்தேன், மூணு பேரும் "கை கழுவிட்டு வாரோம்"னு எந்திரிச்சுப் போனாளுக. திரும்பி வரவே இல்ல. எம்புட்டு நேரம்க்கா கை கழுவுவாளுக? ஒரு மனுசிய இப்படியா பண்ணுவாங்க? நான்னா உடனே போயி கேட்டேன், "என்னடி, கூட்டம் சேக்குறீங்களா?"ன்னு. எனக்கு ஒரு நாளே தாங்காது. நான் அப்படித்தான், பட்டுன்னு கேட்டுருவேன்.

என்ன பாக்குறீங்க? எதாச்சும் சொல்லணும்னா சொல்லுங்க. அவளுக்கு இருபத்து மூணு நாளுன்னுதான சொல்ல வாறீங்க. அது வேற. அது ஒத்திகை. அவளுக்குத் தெரிஞ்சு நடந்தது... எட்டு நாளு தெரிஞ்சு நடந்தது.

மீதி பதினஞ்சு நாளா? அதுக்குத்தான போறேன், சாரி சொல்ல! மறந்து போனதுக்கு சாரி. செஞ்சதுக்கு இல்ல. மறந்ததுக்கு. ரெண்டும் வேற வேற.

இருங்க, போனு அடிக்குது. அய்யோ, அவதான்க்கா! நாலு நாளா எடுக்காதவ. பஸ் ஏறயில "உங்க வீட்டுக்கு வந்துகிட்டு இருக்கேன்"னு மெசேஜ் போட்டேன், அதப் பாத்துட்டா போல. மிக்ஸி ஜாரப் புடிங்க.

அலோ! ஏய் மியூட்டு! ஏன்டி போன எடுக்கல... ஆங்? ஏன், வந்தா என்ன? உங்கம்மாட்ட காச்சல்னு சொல்லியிருக்கியா? சரி, நான் ஒண்ணும் ஒளற மாட்டேன். ஏய் போன வைக்காத, வைக்காத! சாரிடி. சாரின்னு சொல்றேன்ல. மறந்துட்டோம்டி, எல்லாரும்தான். ...ஏதாச்சும் பேசு. அலோ? லைன்ல இருக்கியா?

(பேச மாட்டேங்குறாக்கா. மூச்சு விடுறது மட்டும் கேக்குது.)

ஏய், சரி, செஞ்சதுக்கும் சாரி. போதுமா? என்ன, மைக்ராஸ்கோப்ப சொல்லிச் சிரிச்சதுக்குமா? அது... உனக்கு எப்படித் தெரியும்? கேட்டுச்சா? சரி. அதுக்கும். தண்ணி பாட்டிலுக்கும். அண்ணே, ஊதாதீங்கண்ணே, போன்ல பேசுறேன்ல! ...என்னது? வாரியா? நெஜமாவா? என்னா கண்டிஷன்? சொல்லு.

ஆங்?

ஏய், அதெப்படி? அது நான் எனக்கு எழுதுன வேஷம்டி! தலைவி வேஷத்துக்கு வசனம் எம்புட்டு இருக்கு தெரியுமா, உனக்கு எப்படி... முழுசுமா தெரியும்? எங்க, சொல்லு பாப்போம். மூணாவது சீன்ல நான் கேண்டீனுக்குள்ள வரயில என்ன சொல்லுவேன்?

...

(அக்கா. அப்படியே சொல்றாக்கா. என் குரல்லயே. நான் இழுத்துப் பேசுறது, நடுவுல ஒரு சிரிப்பு சிரிப்பேன், அது மொதக்கொண்டு. நான் இவ்வளவு கேவலமாவா சிரிக்கிறேன்?)

அப்ப ஒதுக்கி வைக்கிற பொண்ணா யாரு நடிக்கிறது? நானா! ஏய், எனக்கு அழுகை வராதுடி. சின்ன வயசுல ஊசி போட்டாக்கூட டாக்டரோட சண்டைதான் போடுவேன். சொன்னாக் கேளு... பேரு குடுத்தாச்சுல்ல, அதே ஆளுகதான, வேஷம் மாறுனா பரவாயில்லன்னு மேடம் சொன்னாங்களா? மேடத்துகிட்ட எப்ப பேசுன? நேத்தா? நஸ்ரினுக்கும் தெரியுமா? அப்ப எனக்கு ஏன்டி எவளும் சொல்லல?

...சரி. சரின்னு சொல்றேன்ல! கத்தல, நான் பேசுறதே இப்படித்தான். நீ தலைவி, நான் அது. நாடகம் நடந்தாப் போதும். ஆங், ஒத்திகையும் நீ சொல்ற மாதிரியே. எல்லாத்துக்கும் சரி. விலக்குல நில்லு, வந்துட்டேன்.

வச்சுட்டாக்கா.

வாரேன்னு சொல்லிட்டா! பாத்தீங்களா? இந்த மாதிரி ஒரு ஆளக் கன்வின்ஸ் பண்ண என்னால மட்டும்தான் முடியும். வேஷத்த மாத்துறதுகூட நல்ல ஐடியாதான், யோசிச்சுப் பாத்தா. ஊர்ல எவளும் எதிர்பாக்க மாட்டா, மியூட்டு வந்து தலைவியா நின்னு வசனம் பேசுனா ஹாலே அதிரும். என் குழுவுல நானே கண்டுபுடிச்ச ஆளுன்னு மேடத்துகிட்ட சொல்லிக்கிறேன். ஏன், அதுல என்ன பொய்யி?

எனக்கு இப்பத்தான்க்கா பசிக்குது. காலையில இருந்து சாப்பிடல. நீங்க நல்லவங்க. உங்ககூட பேசுனதுல மனசு லேசாயிருச்சு. நீங்க ஒண்ணும் பேசல, இருந்தாலும்.

அந்தா, விலக்கு வந்திருச்சு. அண்ணே, நிறுத்துங்கண்ணே, எறக்கம் இருக்கு! பாருங்கக்கா, டீக்கடை ஓரமா ஊதா சுடிதார், கையக் கட்டிக்கிட்டு நிக்கிறா பாருங்க, அவதான். காச்சல்காரி மாதிரியா இருக்கா? நல்லா தலை சீவிப் பூ வச்சு நிக்கிறா.

ஏய்! ஏய் அங்கை! இங்கிட்டு, இங்கிட்டு பாரு!

என்னக்கா இது, திரும்ப மாட்டேங்குறா. பஸ்ஸே பாக்குது, டீ ஆத்துறவரு பாக்குறாரு, இவ பாக்கல. ஏய் அங்கயற்கண்ணி! காது கேக்கலையா? இப்பத்தானடி பேசுன! ...எங்கிட்டோ பாத்துச் சிரிக்கிறாக்கா. எதப் பாத்துச் சிரிக்கிறா? அங்கிட்டு ஒண்ணுமே இல்லையே, வெறும் கரும்புக் காடு.

அய்யய்யோ! அக்கா, ஒத்திகைய ஆரம்பிச்சுட்டா! ஒத்திகையும் அவ சொல்ற மாதிரின்னு நான் சரின்னு வேற சொல்லித் தொலைச்சேனே!

எறங்குறேண்ணே, ஒரு நிமிசம், தள்ளாதீங்க. சரி, பண்ணட்டும். பவதாரணிக்குத் தாங்காதுன்னு நெனச்சாளா? பத்து நாளு என்ன, இருபது நாளு நிப்பேன். ஆனா அக்கா, எனக்கு எத்தன நாளுன்னு கேக்காம போன வச்சிட்டேனே! இப்ப போயிக் கேட்டா, சொல்லுவாளாக்கா?